நாற்பத்தொன்றாம் டார்ச்

ஆலங்கானூர் காலனியில் வெளிச்சத்தின்மேல் முதன்முதலில் துணி காயப்போட்டவள் கன்னியம்மாள். போட்டபோது அது வெளிச்சம் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் போட்டிருப்பாள், ஏனென்றால் மூன்று நாள் மழைக்குப் பின் வெயில் எட்டிப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனியின் கயிறெல்லாம் நிறைந்துபோய், கையில் ஈரச்சேலையோடு இடம் தேடிக்கொண்டிருந்தவளின் கண்ணில், தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து அவள் வீட்டுச் சுவர் வரைக்கும் இடுப்பு உயரத்தில் நீர்மோர் நிறத்தில் நீண்டு கிடந்த ஒன்று பட்டது, அவ்வளவுதான். சேலையை விரித்துப் போட்டாள். சேலை நின்றது. பிறகுதான் தொட்டியடியில் குத்துக்காலிட்டிருந்த புத்தநேசனைப் பார்த்து, "இன்னாடா நேசா, புதுக் கம்பியா? துரு ஒட்டாதே?" என்று கேட்டாள்.

"கம்பி இல்ல அத்தே. டார்ச்சு வெளிச்சம்."

"துரு ஒட்டாதில்ல?"

"ஒட்டாது."

"அது போதும்," என்று அவள் பாவாடைகளை எடுத்துவரப் போனாள்.

புத்தநேசன் அந்தக் காலனியின் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் முதல் இன்ஜினியர். எலெக்ட்ரானிக்ஸ் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் நான்கு நாள் கூரியர் ஆபீசில் மூட்டை பிரித்தான், மீதி நாளில், பஜாரில் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் மலிவு டார்ச்சுகளை வாங்கிவந்து பிரித்தான். மலிவு டார்ச் எப்படிச் சாகும் என்பது அவனுக்கு மனப்பாடம். உள்ளே ஸ்பிரிங் சூடேறிக் குழையும், எல்.இ.டி.யின் சூடு இறங்க வழியில்லாமல் அது நீலம்பாரித்துப்போகும், மூடியின் ரப்பர் வளையம் முதல் மழையிலேயே தண்ணீரை உள்ளே விட்டுவிடும். அவன் ஸ்பிரிங்கின்மேல் செம்புக் கம்பியைப் பற்றவைத்தான், எல்.இ.டி.க்கு அடியில் பழைய அண்டாவிலிருந்து வெட்டிய செம்புத் தகட்டை வைத்தான், ரப்பருக்கு கிரீஸ் தடவினான், செத்துப்போன லேப்டாப்புகளின் வயிற்றிலிருந்து நல்ல செல்லாகப் பொறுக்கிப் போட்டான். அதற்குப் பிறகு அதைக் கொல்லப் பார்த்தான். இடுப்பிலிருந்து போட்டான், தலைக்கு மேலிருந்து போட்டான், தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து போட்டான், ஒரு நாள் முழுக்கக் குடத்தில் மூழ்கடித்தான், இட்லிப் பானையில் வேகவைத்தான், ஷேர் ஆட்டோ வரும் தடத்தில் படுக்கவைத்தான்.

"பவுனக்கா, உன் பையன் பி.இ. முடிச்சிட்டு இன்னா பண்றான்?" என்று ஷூ கம்பெனியில் கேட்பார்கள்.

"டார்ச்ச கீழ போட்டுகினு கீறான்," என்பாள் பவுனம்மாள், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "அடுத்தது என்னத்தான் போட்டுப் பாப்பான்."

ஏன் செய்கிறான் என்று யாராவது கேட்டால் நேசனுக்குச் சொல்லத் தெரியாது. இவர்களுக்கு மூன்று மாதம் எரிந்தால் போதும் என்று எங்கோ ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அவன் முகம் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு டார்ச்சைத் திறக்கும்போதும் அந்த ஆளோடுதான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான்.

சோதித்ததை எல்லாம் நோட்டில் எழுதினான். கல்லூரியில் மீந்துபோன லேப் ரெக்கார்டு நோட்டு அது, வலப்பக்கம் கோடு போட்டது, இடப்பக்கம் வெறும் வெள்ளை. வலப்பக்கத்தில் பேனாவால் நோக்கம், செய்முறை, முடிவு. இடப்பக்கத்தில் பென்சிலால் படம், அளவு, தவறு, சந்தேகம். கல்லூரியில் அப்படித்தான் எழுத வேண்டும், பேனாவும் பென்சிலும் இடம் மாறினால் நோட்டு ஜன்னல் வழியாகப் பறக்கும், அந்தப் பயம் இன்னும் அவன் கையை விட்டுப் போகவில்லை.

நாற்பத்தொன்றாம் டார்ச் தொட்டியின் உச்சியிலிருந்து பதினேழாம் தடவை விழுந்து, தொட்டியடித் திண்டில் கிடந்தபடி தானாகவே எரிந்தது, எரிந்த வெளிச்சம் கெட்டியாக இருந்தது. நேசன் அதைத் தொட்டுப் பார்த்தான், சோற்றுப் பானை மூடிபோல் இளஞ்சூடாக இருந்தது. தட்டிப் பார்த்தான், சத்தமில்லை. ஒரு காக்கை வந்து உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டு போனது. நோட்டை எடுத்து வலப்பக்கத்தில், 'முடிவு: ஒளி திடமாகிறது' என்று எழுதி, தேதியும் போட்டான். அதற்குள் கன்னியம்மாள் சேலையோடு வந்துவிட்டாள்.

ஒரு வாரத்துக்குள் காலனி அதற்குப் பழகிவிட்டது, பழகிய பிறகு அதன்மேல் சண்டையும் வந்துவிட்டது. வேர்ப்பக்கம், அதாவது டார்ச் இருக்கும் பக்கம், வெளிச்சம் மணிக்கட்டு அளவுதான் தடிமன், போகப்போக விரிந்து கடைசியில் மூன்றடி அகலம் ஆகிவிடும், ஆகவே அகலமான முனையில் யார் போர்வை போடுவது, மெல்லிய முனையில் யார் ஜாக்கெட் போடுவது என்று முறை வைத்தார்கள். செல் தீர்வதற்கு நான்கு நிமிடம் முன்னால் மூன்று தடவை கண் சிமிட்டும், சிமிட்டியதும் பிள்ளைகள் "சிமிட்டுச்சி, சிமிட்டுச்சி" என்று தெருவெல்லாம் ஓடிச் சொல்ல, பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து துணியைப் பிடுங்கினார்கள், தவறியவளின் துணி சேற்றில் விழுந்தது. வெளிச்சத்துக்கு அடியில் நீளமாக ஒரு நிழல் விழுந்தது, அதில் ஆடுகள் வரிசையாகப் படுத்தன. ஒருத்தி தூளி கட்டினாள், அந்தத் தூளியில் குழந்தைக்குச் சூடு ஏறி இறங்காமல் நல்ல தூக்கம் வருகிறது என்று சொன்னாள். வார்டு மெம்பர் தசரதன் வந்து பார்த்து, இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்து, "நம்ம காலனிக்குன்னு ஒண்ணு இருக்குதுடா," என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு மெத்தையை அனுப்பிவைத்தார்.

காலனிக்கென்று இல்லாத ஒன்றும் இருந்தது. காலனிக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே கல்லோடை. மழையில்லாத நாளில் அது மணல், இறங்கி ஏறினால் ஐந்து நிமிடத்தில் ரோடு, ரோட்டில் ஏழரைக்கு ஷூ கம்பெனி பஸ். மழை பெய்தால் அதே ரோட்டுக்கு ஏரிக்கரையைச் சுற்றி ஆறு கிலோமீட்டர், பத்து நிமிடம் தாமதித்தால் அரைநாள் சம்பளம் போச்சு. ஒரு பாலம் கேட்டுப் பதினோரு வருடமாக மனு எழுதினார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு அதே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் வலியெடுத்த தேன்மொழியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சுற்றிப் போனபோது அவள் ஏரிக்கரையிலேயே பெற்றாள், பிள்ளை அழவில்லை. அதற்குப் பிறகு மனுவில் தேன்மொழியின் பெயரும் சேர்ந்தது. இந்தப் பங்குனியில்தான் பாலம் பாஸாகி, ஓடையின் இரு கரையிலும் வெள்ளையடித்த அளவுக்கற்களை நட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கற்களுக்கு ஆயுதபூஜையன்று பொட்டு வைத்தாள் பவுனம்மாள்.

ஐப்பசி மழையில் ஓடை பெருகியது. கன்னியம்மாள்தான் கேட்டாள். "சேலையத் தாங்குது, மெத்தையத் தாங்குது, என்னத் தாங்காதா? பாலம் வர்ற வரைக்கும் அந்தாண்ட திருப்பி வைடா."

நேசன் முடியாது என்றான். அவளைப் பார்த்துச் சொல்லப் பயந்து தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு இரண்டு நாள் ஓடைக் கரையையே சுற்றிவந்து, மூன்றாம் நாள் டார்ச்சை ஓடைக் கரையின் பாறையில் இரும்புப் பிடிகொண்டு இறுக்கி, வெளிச்சத்தை அக்கரையில் பதித்து, மணல் மூட்டை ஒன்று வைத்தான், இரண்டு வைத்தான், நான்கு வைத்தான், நான்கையும் ஒரு மணி நேரம் விட்டுவைத்தான். அடுத்து ஓர் ஆடு போனது. ஆட்டுக்குப் பின் அவன் போனான், அவனுக்குப் பின், அவன் தடுக்கத் தடுக்க, அவன் அம்மா போனாள்.

அதற்குப் பிறகு முப்பது நாள் காலையும் மாலையும் அறுபத்து நான்கு பெண்கள் அந்த வெளிச்சத்தின்மேல் நடந்து வேலைக்குப் போனார்கள். வேர்முனை மெலிசு என்பதால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கால்வைக்க அகலம் வரும் இடத்தில் ஏறுவார்கள். செருப்பு வழுக்கும் என்பதால், நாள் முழுக்க வெளிநாட்டுக்காரன் காலுக்கு ஷூ தைக்கிறவர்கள் தங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வரிசையாகப் போனார்கள். அடியில் செந்தண்ணீர் மரக்கிளையையும் செத்த கோழியையும் உருட்டிக்கொண்டு ஓடியது. நேசன் பாறையில் உட்கார்ந்து இரண்டு மணிக்கொரு தடவை செல் மாற்றினான், கூரியர் வேலையை விட்டுவிட்டான். ஒவ்வொருத்தியும் நடுவில் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் இறங்கியதும் விட்டான், ஒரு நாளைக்கு நூற்று இருபத்தெட்டு தடவை.

முப்பதாம் நாள் தசரதன் வந்தார். "உன் நோட்ட குடு நேசா. ஜெராக்ஸ் எடுத்து ஒன்றிய ஆபீஸ்ல குடுக்கறேன். விருது வாங்கித் தராம வுடமாட்டேன்."

நேசன் நோட்டைக் கொடுத்தான். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இடப்பக்கம் வெறும் பக்கமாகத் தெரிந்தது, பென்சில் அவ்வளவு மெலிசு, காகிதம் வீணாக வேண்டாம் என்று நல்ல மனதோடு வலப்பக்கங்களை மட்டும் எடுத்தார்.

அதிலிருந்து பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. கடிதத்துக்கு முன்னால் டிராக்டர் ஒன்று வந்து, பவுனம்மாள் பொட்டு வைத்த அளவுக்கற்களைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் புதிதாகப் பிரித்த வீட்டுமனைகளின் பக்கம் போனது. கடிதத்தை நேசன்தான் எல்லோருக்கும் படித்தான். 'மேற்படி காலனி மக்கள் ஏற்கெனவே மாற்று ஏற்பாட்டின் மூலம் ஓடையைப் பாதுகாப்பாகக் கடந்து வருவதும், அவ்வேற்பாடு இருநூறு கிலோ எடை தாங்குவதும், முப்பது நாட்களில் விபத்து ஏதும் நிகழாததும் இணைப்பில் கண்டுள்ள சோதனை அறிக்கையால் உறுதியாவதால், பாலம் கட்ட வேண்டிய அவசியம் எழவில்லை.' இணைப்பில் இருந்தது அவன் கையெழுத்து.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தேன்மொழி எழுந்து போனாள். பவுனம்மாள் கேட்டாள், "நீ தாங்குதுன்னா எழுதின?"

"தாங்குச்சிமா. அதத்தான் எழுதினேன்."

"அது மட்டுமா எழுதின?"

அது மட்டும் இல்லை. இடப்பக்கங்களில் எழுதியிருந்ததை அன்று படித்துக்காட்டினான். கனமழையில் மேல்பக்கம் வழுக்குகிறது, இரண்டு பேர் முட்டி போட்டுத் தவழ்ந்தார்கள். நூற்றுப்பத்தாம் நிமிடத்துக்கு மேல் டார்ச் கைசுடும். ஓர் ஆள் எப்போதும் காவல் இருக்க வேண்டும், அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கர்ப்பிணி: சோதிக்கவில்லை, சோதிக்கவும் மாட்டேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு அடிக்கோடு போட்டு, 'இது பாலம் அல்ல.'

மறுநாள் அவன், வெளிச்சத்தின்மேல் கால்வைக்க மனமில்லாமல், ஆறு கிலோமீட்டர் சுற்றி ஒன்றிய அலுவலகம் போனான். கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த பொறியாளர் உட்காரச் சொன்னார், டீயும் வரவழைத்தார்.

"தம்பி, நீங்க படிச்சவர். நான் எழுதினா பொய்னு சொல்வீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

"எதிர்ப்பக்கத்தப் பாருங்க சார். அங்கதான் குறையெல்லாம் எழுதியிருக்கேன்."

"பென்சில்லயா எழுதியிருக்கீங்க?" அவர் நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பென்சில ஃபைல்ல ஏத்துக்க முடியாதே தம்பி."

"அப்ப நீங்க ஒருதடவ நடந்து பாருங்க சார்."

"எனக்கென்ன, நான் ஜீப்ல சுத்தி வந்துடுவேன்." டீயை அவன் பக்கம் தள்ளினார். "உங்க ஆளுங்களுக்கு இதுவே பெரிய விஷயம் இல்லையா? எங்க தெருவுல இப்படி ஒண்ணு கிடையாது. டீ ஆறுது, குடிங்க."

அந்தக் குரல். முகம் தெரியாமல் இத்தனை நாள் டார்ச்சுகளுக்குள் தேடிய ஆள் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், முகம் சாதாரணமாக, காதோரம் சவரம் விட்டுப்போய் இருந்தது. நேசன் டீயைக் குடிக்கவில்லை.

திரும்பி வந்து அவன் டார்ச்சை உடைக்கப் போனான். உடைந்தால் உடைந்தது என்று எழுதலாம், பொய் எழுத வேண்டாம். சம்மட்டியால் அடித்தான், சம்மட்டியின் காம்பு முறிந்தது. தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் ஒரு நாள் போட்டு எடுத்தான், பளபளவென்று வந்தது. செங்கல் சூளையில் வைத்தான், காலையில் சாம்பலுக்குள் எரிந்துகொண்டிருந்தது. செம்புத் தகடும் கிரீஸும் பற்றவைத்த கம்பியும் அவன் கைவேலை, ஒவ்வொரு அடியிலும் தன் கைவேலையை அவனே சபித்தான். காலனி சுற்றி நின்று பார்த்தது. "வலதுகையால அடிடா," என்றாள் கன்னியம்மாள், "அழுவறதுன்னா இடதுகையால கண்ணத் தொடச்சிக்கோ."

கடைசியாக டார்ச்சைத் தெருவில் குறுக்காக, ஷேர் ஆட்டோ வரும் தடத்தில் பாறைக்கல்மேல் வைத்தான். ஆட்டோ வந்தது, வெளிச்சம் வண்டியின் முன்கண்ணாடி உயரத்துக்குத் தெருவை அடைத்து நின்றது, ஓட்டுநர் குலோத்துங்கன் ஹாரன் அடித்தான், இறங்கித் தள்ளினான், உதைத்தான், உதைத்த காலைப் பிடித்துக்கொண்டான். "யோவ் இன்ஜினீரு, வழிய வுடுய்யா. அரைமணி நேரமா நிக்கறேன்."

நேசன் குலோத்துங்கனையும் குறுக்கே கிடந்த வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு டார்ச்சை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, "ஆட்டோல எத்தன பேர் ஏறலாம்?" என்று கேட்டான்.

டார்ச்சை ஒன்றிய அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் ஓடையைக் கடக்க வழியில்லை, நாளையிலிருந்து ஆறு கிலோமீட்டர், அரைநாள் சம்பளம், கால்வலி. அதை நேசனே எல்லோரிடமும் சொன்னான், மறைக்கவில்லை. தேன்மொழிதான் முதலில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒன்றிய அலுவலகத்தின் வாசலுக்குப் பக்கவாட்டில் நின்ற கரண்டு கம்பத்தில் சைக்கிள் டியூபால் டார்ச் இறுகக் கட்டப்பட்டது. வெளிச்சம் வாசலைக் குறுக்கே மூடிக்கொண்டு, இரண்டு தூண்களையும் ஒட்டி, நின்ற ஆளின் நெஞ்சிலிருந்து தொடை வரைக்கும் தடித்து, அந்தப் பக்கச் சுவரில் போய்ப் பதிந்தது. கம்பத்தைச் சுற்றி இருபது பெண்கள் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் கம்பெனி ஷிப்ட் முடித்து வந்து மாற்றினார்கள். ஏறித் தாண்டலாம் என்று வந்த குமாஸ்தா ஒருவர், தூறலில் நனைந்த வெளிச்சத்தில் வழுக்கி விழுந்தார். அதன்பிறகு எல்லோரும் குனிந்து, முட்டிபோட்டு, அடியில் தவழ்ந்துதான் உள்ளே போனார்கள், தவழ்ந்துதான் வெளியே வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வந்து தோளால் முட்டிப் பார்த்தார், எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று போனில் கேட்டார், வெளிச்சம் பொது இடத்தில் விழுவது குற்றமில்லை என்று போனில் சொன்னார்கள். கம்பத்தின் அருகே போகப் பார்த்த போலீஸ்காரரிடம், "மேல கை பட்டுச்சின்னா பாத்துக்கோ," என்றாள் கன்னியம்மாள். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

மதியம் பொறியாளர் வெளியே வந்தார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைப் பேண்டோடு சேற்றில் முட்டிபோட்டு, தலையைத் தாழ்த்தித் தவழ்ந்து வந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"பாத்து வாங்க சார்," என்றாள் பவுனம்மாள். "இதுவரைக்கும் யாருக்கும் விபத்து கிடையாது."

அவர் எழுந்து முட்டியைத் தட்டினார். "என்னப்பா இது. ஆபீஸ் வாசலை அடைக்கலாமா?"

"அடைக்கல சார்," என்றான் நேசன். நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "மாற்று ஏற்பாடு இருக்கு. அடியில போகலாம்."

"எத்தனை நாளைக்கு இது எரியும்?"

நேசன் பொய் சொல்லிப் பழகாதவன். "தெரியாது சார். ரெண்டு மணிக்கொரு செல். எங்கிட்ட அறுபது செல்லு இருக்கு. தீர்ந்ததும் சார்ஜ் போட வேலூர்ல இருக்கற என் கிளாஸ்மேட்டுங்க எல்லாம் வர்றாங்க. நான் உடைக்கப் பாத்தேன். உடையல."

பொறியாளர் அவனையே பார்த்தார். கம்பத்தடியில் இருந்த பெண்களைப் பார்த்தார், தேன்மொழியைப் பார்த்தார், அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு, வேறு மேசை இல்லாததால், ஃபைலை வெளிச்சத்தின்மேல் விரித்து, அது தாங்குமா என்று ஒரு கணம் கையை எடுக்காமல் இருந்து, எடுத்து, பேனாவைத் திறந்து எழுதினார். பழைய உத்தரவு ரத்து, பாலம் மீண்டும் அதே இடத்தில். கையெழுத்து, தேதி, பச்சை மை. நேசன் இரண்டு தடவை படித்தான்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார்."

"அப்ப அணைங்க."

நேசன் அம்மாவைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "பதினோரு வருசமா காயிதம் வாங்கிட்டுதான் சார் இருக்கோம்," என்றான். "ஜல்லி வரட்டும்."

மாலை ஐந்தரைக்கு அலுவலகம் முழுவதும் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்து வீட்டுக்குப் போனது, மறுநாள் பத்து மணிக்குத் தவழ்ந்து உள்ளே வந்தது, அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் சிலர் முட்டிக்கு அடியில் விரிக்க வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுவந்தார்கள், ஒருவர் பையில் மாற்றுப் பேண்ட் வைத்திருந்தார், உள்ளே போகும்போது பெண்களுக்கு வணக்கம் சொல்லும் வழக்கமும் வந்துவிட்டது. நான்காம் நாள் மதியம் குலோத்துங்கன் ஆட்டோவை முறுக்கிக்கொண்டு வந்து, ஓடைக் கரையில் மூன்று லாரி ஜல்லி இறங்கிவிட்டது, தன் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னான். பெண்கள் எழுந்து சேலையைத் தட்டினார்கள். டார்ச் மூன்று தடவை கண் சிமிட்டியது. நேசன் நோட்டைத் திறந்து, வலப்பக்கத்தில், பேனாவால், ஜல்லி வந்த நேரத்தை எழுதினான். பிறகு மூடியைத் திருகி, பழைய செல்லை எடுத்துவிட்டு, அடுத்ததைப் போட்டான்.

"அதான் ஜல்லி வந்துடுச்சேப்பா," என்றார் வாசலுக்கு அந்தப் பக்கம் முட்டிபோட்டு நின்ற பொறியாளர்.

"சிமென்ட் வரல சார்," என்றான் நேசன்.

பெண்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.